அக்கரைக் கல்லூரி

எங்கள் பெரியப்பா எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரரிடம் முதலில் கேட்பது, "நீங்க எந்தக் காலேஜ்?" என்பதுதான். அவர் சொல்லும் பதிலில் பெரியப்பாவுக்கு அக்கறை கிடையாது. அதே கேள்வி தன்னிடம் திரும்பி வர வேண்டும், அவ்வளவே. வந்துவிட்டால் ரசம் சாதம் பிசைவதை நிறுத்திவிட்டு, "கேம்பிரிட்ஜ்" என்பார். எதிராளி விழிப்பதைக் கொஞ்ச நேரம் ரசித்த பிறகு, "தென்னிந்தியாவோட கேம்பிரிட்ஜ். கும்பகோணம் கவர்ன்மென்ட் காலேஜ்" என்று முடிப்பார்.

1950-களில் அங்கே பி.ஏ. முடித்தவர். தாலுகா ஆபீசில் எழுத்தராகச் சேர்ந்து, தாசில்தாராகி, ஓய்வு பெற்று, எண்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தார். 2025 தை மாதம் அவருடைய பீரோவைக் காலி செய்தபோது ஒரு குழுப் படம் கிடைத்தது. நான்கு வரிசை. முன்வரிசையில் கோட்டும் அங்கவஸ்திரமுமாக ஆசிரியர்கள், பின்னால் வேட்டி சட்டையில் பையன்கள். பெண் என்று ஒருவர்கூட இல்லை. அந்த நாற்பது முகங்களில் பெரியப்பா யார் என்று கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. வாழ்நாள் முழுக்க அவர் சொல்லிக்கொண்டிருந்த இடத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கும்பகோணத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். எல்லாம் கோயிலோடு சரி.

படத்தைப் பையில் வைத்துக்கொண்டு 2025 ஜூன் நடுவில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். இரவு சென்னையில் ஏறினால் விடியுமுன் கும்பகோணத்தில் இறக்கிவிடும் வண்டி. விவசாயிகள் பெயரில் ஓடும் அந்த வண்டியில் என் பெட்டி முழுக்க ஐ.டி. பையன்கள். மடிக்கணினிப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். மயிலாடுதுறை தாண்டியதும் ஜன்னல் வழியாக வந்த காற்றில் ஈர வாசனை இல்லை. 12-ஆம் தேதி மேட்டூரில் மதகு திறந்தாயிற்று, கல்லணைக்கும் தண்ணீர் வந்தாயிற்று என்று பத்திரிகை சொல்லியிருந்தது. கும்பகோணத்துக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

இந்த ஊரில் டிகிரி என்றால் முதலில் காபிதான். பாலின் அடர்த்தியைப் பார்க்கும் கருவியில் டிகிரி நின்ற பால், தண்ணீர் கலக்காத பால், அதனால் டிகிரி காபி என்பது பலர் சொல்லும் பெயர்க் காரணம். நெடுஞ்சாலைகளில் பத்து கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பித்தளை டபராவோடு முளைத்திருக்கும் கடைகளைப் பார்த்துப் பழகியவர்கள், பெயருக்குச் சொந்தமான ஊரில் ஸ்டேஷன் வாசலில் எவர்சில்வர் டம்ளரில் குடித்துப் பார்க்க வேண்டும். அலட்டல் இல்லாமல் நன்றாக இருந்தது.

கல்லூரி திறக்க நேரம் இருந்ததால் சாரங்கபாணி சன்னிதித் தெருவுக்கு நடந்தேன். கோபுரத்தைப் பார்த்தபடி நீளும் தெருவில், திண்ணை வைத்த சின்ன வீடு ஒன்று கணித மேதை ராமானுஜனுடையது. இப்போது சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை நினைவில்லமாகப் பராமரிக்கிறது. பூட்டியிருந்தது. வெளியே நின்று பார்க்க அதுவே போதுமான வீடுதான். இரண்டு வீடு தள்ளி ஒரு பெண்மணி கோலம் போட்டுக்கொண்டிருந்தார், அவருடைய வாசல் இதைவிட அகலம்.

ராமானுஜனைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதைகளில் எனக்குப் பிடித்தது அதிகம் பேசப்படாத ஒன்று. அப்பா துணிக்கடைக் கணக்கர். மாதம் 20 ரூபாய் சம்பளம். அது போதாமல் அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடியும், கல்லூரி மாணவர்கள் இரண்டு பேருக்கு வீட்டில் இடமும் சாப்பாடும் கொடுத்தும் குடும்பத்தை ஓட்டினார். அந்த இருவரிடமும் பதினோரு வயதுப் பையன் கணக்குக் கேட்க ஆரம்பித்தான். சில மாதங்களில் அவர்களிடம் இருந்த சரக்கு தீர்ந்துபோயிற்று. பிறகு லோனியின் திரிகோணமிதிப் புத்தகம். ஆக, ராமானுஜன் கல்லூரிக்குப் போவதற்கு ஆறு வருஷம் முன்பே கல்லூரி அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. கோமளத்தம்மாள் வைத்த சாம்பாருக்கும் இந்தியக் கணிதத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்கு இருபது நிமிட நடை. கடைத் தெருக்கள், பாத்திரக் கடைகள், இன்னும் ஷட்டர் தூக்காத ஜவுளிக் கடைகள். பிறகு சட்டென்று வெளிச்சம் அகன்று காவிரி. ஊர் தெற்கே, கல்லூரி வடக்கே. நடுவில் ஆறு. அன்று ஆறு என்பது மணலும் நாணலும், குட்டையாய்த் தேங்கிய கொஞ்சம் பச்சைத் தண்ணீரும், நான் சொல்ல விரும்பாத வேறு சிலவும்தான். நடைபாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து இரண்டு பெரியவர்கள் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, எப்ப வரும்?" என்றேன்.

"சுவாமிமலைக்கு வந்துடுச்சுன்னு மச்சான் போன் பண்ணான். அவன் சொல்றது பாதிதான் நிஜம். சாயங்காலம் பாப்போம்."

ராமானுஜன் படிக்க வந்தபோது இங்கே பாலம் கிடையாது. நடைபாலம் வந்தது 1940-களில். அதுவரை தண்ணீர் ஓடினால் படகு, வற்றினால் மணலில் நடை. பெரியப்பா வந்தபோது பாலம் இருந்திருக்கிறது. ஆனாலும் அவர் சொன்ன கதைகளில் எல்லாம் அவர் ஆற்றை நீந்தியே கடந்தார்.

அக்கரையில் மரங்களும் அவற்றுக்கிடையே பழைய கட்டடங்களும். வெயிலுக்கு ஏற்றபடி உயரமான கூரை, தடித்த சுவர். வாசலில் அன்று திருவிழாக் கூட்டம். இளநிலைச் சேர்க்கைக்கான கலந்தாய்வு, இரண்டாம் சுற்று. எனக்கு இது தெரியாது. அமைதியான பழைய கல்லூரி ஒன்றை, பெரியப்பாவின் படத்தில் இருக்கும் மௌனத்தோடு பார்க்க வந்தவன், பிளாஸ்டிக் கோப்புகளும் ஜெராக்ஸ் தாள்களும் குழந்தை அழுகையும் புளிசாதப் பொட்டலமுமாக இருந்த கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். அதை என் நல்ல நேரம் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு இப்போது விண்ணப்பம் இணையத்தில். தரவரிசைப் பட்டியல் வந்ததும் நேரில் கூப்பிடுவார்கள். இடஒதுக்கீட்டின்படி, மதிப்பெண் வரிசைப்படி, என்ன பாடம் மிச்சம் இருக்கிறதோ அதில் தேர்வு செய்ய வேண்டும். முதலில் தீர்வது வணிகவியலும் கணினி அறிவியலும். அதற்குப் பிறகு வருபவர்களுக்குத் தாவரவியல், வரலாறு, பொருளியல், கணிதம் என்று மீதம் இருக்கும். ராமானுஜன் படித்த கல்லூரியில் கணிதம் மீதம் இருக்கிறது என்பதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்தால், நாடு முழுக்கவே அப்படித்தான்.

வேப்பமரத்தடியில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மாவும் மகனும். அணைக்கரைப் பக்கம் ஒரு கிராமம். அப்பா கும்பகோணத்தில் லோடு ஏற்றும் வேலை. அம்மா வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். பையன் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்திருந்தான். குடும்பத்தில் கல்லூரி வாசலுக்கு வருவது இதுதான் முதல் தடவை. அம்மாவிடம் ஒரு மஞ்சள் பை. அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் இருக்காம்மா?"

"இருக்கு சார். டி.சி. இருக்கு, மார்க் ஷீட் இருக்கு, சாதிச் சான்று இருக்கு, ஆதார் இருக்கு, போட்டோ இருக்கு. ஆனா ஏதோ ஒண்ணு இல்லாத மாதிரியே இருக்கு."

எது இல்லை என்பது அரை மணியில் தெரிந்தது. மதிப்பெண் பட்டியலில் பையனின் முதலெழுத்து ஆங்கில உச்சரிப்பில் 'எஸ்', சாதிச் சான்றில் தமிழில் 'சு'. இருவரும் ஒரே ஆள்தானா என்ற கேள்வி எழுந்துவிட்டது. தமிழில் முதலெழுத்து எழுதவேண்டும் என்பதை ஆதரித்து நானே ஒரு காலத்தில் கட்டுரை எழுதியவன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த ஆசிரியை பட்டியலையும் பையனையும் ஒருமுறை பார்த்தார். "ஒரு உறுதிமொழி எழுதிக் குடுங்க. சான்றிதழைத் திருத்தி வாங்கிட்டு வகுப்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள கொண்டாந்தா போதும். அடுத்து யாரு?" என்றார். அவ்வளவுதான். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. வெள்ளைத் தாள் கேட்டு என்னிடம் வந்தார்கள். என் நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தேன்.

120 வருஷத்துக்கு முன்னால் இன்னொரு அம்மா மகனுக்காக இந்தக் கல்லூரிக்கு வந்திருக்கிறார். 1904-இல் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்கான பரிசும், கல்லூரிக்கான உதவித்தொகையும் வாங்கிக்கொண்டு ராமானுஜன், பி.ஏ.வுக்கு முந்தைய படிப்பான எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். ஆங்கிலம், கணக்கு, உடலியல், ரோம கிரேக்க வரலாறு, சமஸ்கிருதம். பையனுக்குக் கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் நிற்கவில்லை. வரலாற்று வகுப்பிலும் கணக்குத்தான். ஆங்கிலத்தில் தோற்றதும் உதவித்தொகை போனது. பருவத்துக்கு 32 ரூபாய் கட்டணம். அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம். கோமளத்தம்மாள் நேரே முதல்வரிடம் போனார். கணக்கில் என் பிள்ளைக்கு நிகர் யார், அவனுக்கு எப்படி மறுக்கலாம் என்று வாதாடினார். முதல்வர் மரியாதையாகப் பேசி, விதி விதிதான் என்று அனுப்பிவிட்டார். 1905 ஆகஸ்டில் பையன் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டான். செப்டம்பர் தொடக்கத்தில் ஹிந்து பத்திரிகையில் காணவில்லை என்று செய்தி வந்தது. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை.

இதையெல்லாம் நான் ஒரு பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கல்லூரியில் படித்து, அரசுக் கல்லூரிகள் பலவற்றில் தமிழ் கற்பித்து, ஓய்வுக்குப் பிறகு தினமும் காலை இங்கே நடக்க வருகிறவர். கூட்டம் இருந்ததால் நடையை விட்டுவிட்டு, வரும் பெற்றோருக்கு எந்த அறை எங்கே என்று கைகாட்டிக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "தம்பி, இப்ப இருந்திருந்தா ராமானுஜம் அரியரோட அடுத்த செமஸ்டர் போயிருப்பான்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே ரயில் டிக்கெட் செலவு தகும். அரியர் என்பது நம் ஊர்க் கல்லூரி மாணவனின் அன்றாடச் சொல். ஒரு தாளில் தவறினால் வருஷம் போகாது. தவறிய தாளை முதுகில் சுமந்துகொண்டே மேலே போகலாம், வசதிப்படும்போது எழுதலாம். எஃப்.ஏ. காலத்தில் ஒரு பாடத்தில் விழுந்தால் மொத்தமும் விழுந்தது. அரியரைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், பெரியப்பா உட்பட. எனக்கென்னவோ, இந்தியக் கல்வியில் நடந்த கருணையான சீர்திருத்தங்களில் இந்த அலங்காரமில்லாத சொல்லுக்கும் ஓர் இடம் உண்டு என்று தோன்றுகிறது.

பெரியவர் என்னைப் பழைய கட்டடத்தின் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். கல்லூரியின் கதையை அவர் தன் வீட்டுக் கதையைப் போலச் சொன்னார். 1854 அக்டோபர் 19 அன்று மாகாணப் பள்ளியாகத் தொடங்கியது. 1867-இல் கல்லூரி வகுப்புகள். 1877-இல் பட்டப்படிப்புக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு. 1881-இல் பள்ளி வகுப்புகளை நிறுத்திவிட்டு முழுக் கல்லூரியானது. இதற்கெல்லாம் அடிக்கல்லாக இருந்தவர்கள் வில்லியம் ஆர்ச்சர் போர்ட்டர், கோபால ராவ் இருவரும். போர்ட்டர், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் ராங்கலராக, அதாவது முதல் வகுப்பில், தேறியவர். கேம்பிரிட்ஜ் என்ற சொல்லே அவரோடுதான் இந்த ஊருக்குள் வந்திருக்க வேண்டும். ஊருக்குள் அவர் பெயரில் ஒரு டவுன் ஹால் உண்டு. பிற்காலத்தில் ஆங்கிலப் பேச்சுக்கு உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி இங்கே படித்தவர்தான்.

பெரியவருக்கு ஆனால் போர்ட்டரைவிட, சாஸ்திரியைவிட, வேறொருவர் மேல்தான் பாசம். "ஐயர் இங்கதான் பாடம் சொன்னார்" என்றார். உ.வே. சாமிநாதையரைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் ஒரு படி இறங்கியது.

1880 பிப்ரவரியில் தமிழ்ப் பண்டிதர் தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, தன் இடத்துக்கு ஆள் தேடித் திருவாவடுதுறை மடத்திலிருந்து சாமிநாதையரைக் கூட்டி வந்தார். இருவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்கு அவரை விட மனமில்லை, செட்டியார் விடவில்லை. ஐயருக்கு அப்போது இருபத்தைந்து வயது. மடத்தில் கற்ற அந்தாதிகளும் கோவைகளும் தலபுராணங்களும் நிறைந்த தலையோடு ஆற்றைக் கடந்து வந்தார். அதே வருஷம் அக்டோபரில் ஊருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்த சேலம் ராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் பட்டியல் போட்டார். நீண்ட பட்டியல். முதலியார் அசரவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை பார்த்ததுண்டா என்று கேட்டார். இல்லை.

ஒரு கல்லூரிப் பண்டிதர், அதுவும் பெரிய குருவின் மாணவர், தான் படித்தது போதாது என்று ஒரு முன்சீப்பின் வீட்டில் உட்கார்ந்து உணர்வது எளிய காரியமில்லை. பெரும்பாலோர் வீட்டுக்கு வந்து முன்சீப்பைத் திட்டியிருப்பார்கள். ஐயர் ஏட்டுப் பிரதியை வாங்கிக்கொண்டு வந்து படிக்க ஆரம்பித்தார். புரியவில்லை. ஊரில் இருந்த சமணர்களின் வீட்டைத் தேடிப் போய், அவர்களிடம் பாடம் கேட்டார். பகலில் அக்கரையில் ஆசிரியர், மாலையில் இக்கரையில் மாணவர். ஏழு வருஷம் கழித்து 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. இவை எல்லாம் அவர் கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் வந்தவை. அதே 1880-களில் சி.வை. தாமோதரம் பிள்ளையும் இந்த ஊரில் வக்கீல் தொழில் செய்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர், அவரும் ஏட்டுச்சுவடியை அச்சேற்றியவர். இரண்டு பதிப்பாசிரியர்கள் ஒரே ஊரில் இருந்தால் உரசல் இல்லாமலா இருக்கும், இருந்தது.

"ஐயர் 1903 நவம்பர்ல மெட்ராஸ் பிரசிடென்சிக்குப் போயிட்டார். ராமானுஜம் சேர்ந்தது 1904. சில மாசம் தம்பி! சில மாசத்துல ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுட்டாங்க" என்று பெரியவர் கையை விரித்தார். பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணும் ஆயிருக்காது. ஐயர் வகுப்புலயும் அவன் கணக்குத்தான் போட்டிருப்பான்."

சிந்தாமணி அச்சான அதே 1887-இன் கடைசி மாதத்தில் பிறந்தவர் ராமானுஜன். இதைச் சொன்னபோது பெரியவர், இத்தனை வருஷம் இது எனக்குத் தோன்றவில்லையே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. கல்லூரிக்கு என் பங்காக ஒன்று கொடுத்துவிட்ட மாதிரி.

பெரியப்பாவின் படத்தை எடுத்துக் காட்டினேன். முன்வரிசையில் ஒருவரை அடையாளம் சொன்னார், பின்வரிசையில் யாரையும் இல்லை. படத்தையும் முற்றத்தில் நின்ற கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். போர்ட்டர் காலத்திலும் அதற்குப் பிறகு வெகுகாலமும் இங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் ஆற்றங்கரை அக்ரகாரங்களிலிருந்து வந்தவர்கள். பெரியப்பா காலத்தில் அது கொஞ்சம் இளகியிருந்தது. இன்று முற்றத்தில் நிற்கும் கூட்டத்துக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை. கேம்பிரிட்ஜ் என்ற பட்டத்தை இன்னும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்கள் பிள்ளைகளை இங்கே அனுப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டோம். என் மகள் கோயம்புத்தூரில் படித்தாள். பெரியப்பாவின் பேரன் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில். பெருமையை வைத்துக்கொண்டு கல்லூரியைக் கைவிட்டவர்கள் நாங்கள். அணைக்கரை அம்மாவுக்குப் போர்ட்டரும் தெரியாது, ராங்கலரும் தெரியாது. கல்லூரி அவருக்குத்தான் தேவைப்படுகிறது.

பிற்பகலில் கூட்டம் குறைந்ததும் சுற்றிப் பார்த்தேன். 1982-இல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்தபின் கல்லூரி அதன்கீழ் வந்தது. இப்போது தன்னாட்சி. பாடத்திட்டமும் கேள்வித்தாளும் கல்லூரியே வகுக்கும். பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுக்கும். இதைத் தவிர, கும்பகோணத்திலேயே கலைஞர் பெயரில் ஒரு பல்கலைக்கழகம் அமைக்கும் மசோதா 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியிருந்தது. அதைப் பற்றி டீக்கடையில் இரண்டு அணி இருந்தது; நான் எதிலும் சேரவில்லை.

இளநிலைப் படிப்பு மூன்று வருஷம், ஆறு பருவம். முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி சொந்தப் பாடமும் துணைப்பாடமும். பிறகு சுற்றுச்சூழல், நாட்டு நலப்பணி என்று சில. நான் கல்லூரி முடித்ததற்குப் பிறகு சேர்ந்தது 'நான் முதல்வன்'. 2022-இல் மாநில அரசு தொடங்கிய இந்தத் திட்டத்தில் வங்கிப் பணி, கணினி, நேர்முகத் தேர்வு, ஆங்கிலப் பேச்சு என்று வேலைக்கான பயிற்சிகள் பாடத்தோடு வருகின்றன. வேதியியல் இரண்டாமாண்டுப் பையன் ஒருவனிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கோர்ஸ் நல்லாத்தான் இருக்கு சார். ஆன்லைன்ல பாக்கச் சொல்றாங்க, எங்க ஊர்ல டவர் கிடைக்காது. மொட்டை மாடிக்குப் போனா கிடைக்கும். மொட்டை மாடி பக்கத்து வீட்டுக்காரங்களது" என்றான். நாட்டின் திறன் மேம்பாடு ஒரு பக்கத்து வீட்டாரின் நல்லெண்ணத்தில் நிற்கிறது என்று சிரித்தோம்.

அவனுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். என்ன செய்கிறாய் என்றதற்கு, "பாதி அம்மாகிட்ட. மீதி நோட்டு, ரெக்கார்ட், ரீசார்ஜ்" என்றான். ரீசார்ஜ் என்றபோது கொஞ்சம் வெட்கப்பட்டான். 32 ரூபாய்க்காக ஒரு பையன் ஊரை விட்டு ஓடிய இடத்தில் ரீசார்ஜுக்கு வெட்கப்பட என்ன இருக்கிறது.

மெச்ச முடியாததும் உண்டு. அது இந்தக் கல்லூரி ஒன்றுக்கு உரியது அல்ல. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொது. நிரந்தர ஆசிரியர் இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்கள் பாதிச் சுமையை இழுக்கிறார்கள். முனைவர் பட்டமும் தகுதித் தேர்வும் முடித்தவர்கள், தொகுப்பூதியம், மே மாதச் சம்பளம் வருமா வராதா என்று வருஷாவருஷம் போராட்டம். பெயரில் மட்டும் கௌரவம். தியாகராச செட்டியார் தன் இடத்துக்கு ஆள் கிடைக்கும்வரை ஓயாமல் அலைந்தார் என்றால், ஒரு நாற்காலி ஒருநாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்று அவர் நினைத்ததால்தான். இதைப் பெரியவரிடம் சொல்ல நினைத்தேன். அவர் ஓய்வூதியக்காரர்களின் கூட்டத்துக்கு நேரமாகிறது என்று கிளம்பிக்கொண்டிருந்தார்.

நான்கரை மணி வாக்கில் பாலத்தில் ஏறினேன். காலையில் பார்த்த பெரியவர்கள் இருவர் என்பது இப்போது இருபது பேராகியிருந்தது. மச்சான் பொய் சொல்லவில்லை. மேற்கே வளைவில் மணலின் நிறம் மாறிக்கொண்டிருந்தது. புதுத் தண்ணீர் அலையடித்துக்கொண்டெல்லாம் வருவதில்லை. குப்பையையும் நுரையையும் சருகையும் முன்னால் தள்ளிக்கொண்டு, பள்ளம் பார்த்து நின்று நின்று, நாக்கு நீட்டுவது போல வருகிறது. குட்டை நிரம்பும்வரை நிற்கிறது. பிறகு அடுத்த குட்டை. படித்துறையில் ஒரு பெண் சொம்பில் கொண்டுவந்த பூவைத் தூவினார். பாலத்தில் எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள்.

அணைக்கரை அம்மாவும் மகனும் எனக்கு முன்னால் நின்றிருந்தார்கள். வணிகவியல் கேட்டு வந்தவனுக்குத் தாவரவியல் கிடைத்திருந்தது. மஞ்சள் பையை இப்போது அவன் வைத்திருந்தான். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அப்பாவுக்கு போன் போட்டுச் சொல்லுடா."

"எதை? சீட்டையா, தண்ணியையா?"

"ரெண்டையுந்தான். முதல்ல தண்ணியச் சொல்லு. நாத்தங்கால் வேலைக்கு நாளைக்கே கூப்பிடுவாங்க."